ஆள்காட்டிக் குருவியும் மயிலைப் பசுவும்

ஏரிக்கரைக்குக் கீழே ஒரு மேய்ச்சல் வெளி இருந்தது. மதகிலிருந்து கசியும் தண்ணீரால் கோடையிலும் அங்கே அருகம்புல் பச்சைப் பசேலென்று கிடக்கும். அந்த வெளியின் நடுவில் புல் முளைக்காத ஒரு சரளைத் திட்டு. அதில் வெடுக்கி என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள்.

கூடு என்று ஒன்றும் கிடையாது. தரையில் சின்னக் குழி, சுற்றிலும் கொஞ்சம் கூழாங்கல், அவ்வளவுதான். முட்டைகள் மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது. அதில் வெடுக்கிக்கு ரொம்பப் பெருமை.

"நாய் வந்துச்சு, தெரியலை. காக்கா வந்துச்சு, தெரியலை. நம்ம முட்டையைக் கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரணும்!" என்றாள் அவள், புருஷன் நெடுங்காலனிடம்.

"சரி சரி, பெருமை இருக்கட்டும். வெயில் ஏறுது. நான் போய் நெஞ்சை நனைச்சுட்டு வர்றேன்" என்று அவன் ஏரிப் பக்கம் பறந்தான். தண்ணீரில் நெஞ்சு இறகை நனைத்து வந்து மேலே உட்கார்ந்தால்தான் முட்டை வெயிலில் வெந்து போகாமல் இருக்கும்.

வெடுக்கி மட்டும் தனியாக, முட்டைகளுக்கு நிழலாக நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் காலடியில் தரை அதிர்ந்தது.

மயிலை என்ற பசு ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். சாம்பல் பூசிய மாதிரி உடம்பு, வளைந்த பெரிய கொம்பு. தலையைக் குனிந்தபடி புல்லை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டே, நேராகச் சரளைத் திட்டை நோக்கி வந்தாள்.

வெடுக்கி அந்தக் குளம்புகளைப் பார்த்தாள். ஒவ்வொரு குளம்பும் அவளுடைய குழியைவிடப் பெரிது!

"கீ கீ கீ! போ! அந்தப் பக்கம் போ!" என்று மயிலையின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினாள்.

மயிலை காதை ஒருமுறை ஆட்டினாள். புல்லைக் கடித்தாள். இன்னும் ஓர் அடி வைத்தாள்.

'முட்டை இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வெடுக்கி பரம்பரையில் அந்த வார்த்தையை யாரும் வெளியே சொன்னதில்லை. சொன்னால் திருடன் வருவான் என்று பயம். அதனால் அவள் வேறு வழி யோசித்தாள். நாயையும் நரியையும் பலமுறை ஏமாற்றிய பழைய தந்திரம் அது. கொஞ்ச தூரம் தள்ளிப் போய்த் தொப்பென்று தரையில் விழுந்தாள். ஓர் இறக்கையை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு நொண்டினாள். "ஐயோ! இறக்கை போச்சே! பறக்க முடியலையே!" என்று புலம்பினாள்.

நாயாக இருந்தால் இதற்குள் நாக்கைத் தொங்கவிட்டு அவள் பின்னாலேயே ஓடியிருக்கும். மயிலை நின்று, தலையை நிமிர்த்தி, பெரிய கண்ணால் பார்த்தாள்.

"அடிபட்டுடுச்சா தாயி? அசையாம இரு. நான் வர்றேன்" என்றாள்.

வெடுக்கியிடம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று அவள் குறுக்கு வழியில் திரும்பினாள். அந்தக் குறுக்கு வழி சரளைத் திட்டின் மேலேயே போனது!

"வேண்டாம்! வேண்டாம்! சரியாயிடுச்சு!" என்று வெடுக்கி விருட்டென்று பறந்து அவள் மூக்குக்கு நேரே வந்து இறக்கையை அடித்தாள்.

"அதுக்குள்ளேயா? ரொம்ப நல்லது" என்று மயிலை அங்கேயே நின்று அசைபோட ஆரம்பித்தாள். முன்னங்காலுக்கும் முட்டைக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை.

வெடுக்கிக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மாடு திட்டினால் கோபப்படவில்லை. மிரட்டினால் பயப்படவில்லை. இதை என்னதான் செய்வது?

அவள் போட்ட கூச்சல் வேலிப் புதரில் படுத்திருந்த செம்பன் என்ற கீரியின் காதில் விழுந்தது. அவன் மெதுவாக வெளியே வந்தான்.

"என்னம்மா தங்கச்சி, யாரு உன்னைக் கஷ்டப்படுத்துறது? அந்தத் தடிமாடா?" என்று கேட்டான். அடக்கிப் பேசிய குரலில் தேன் சொட்டியது.

வேறு நேரமாக இருந்தால் வெடுக்கி அவனைக் கண்டதும் பறந்திருப்பாள். இப்போது அவள் கண்ணில் அந்தக் குளம்புகள் மட்டும்தான் தெரிந்தன.

"அண்ணே! அதை விரட்டிவிடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"இவ்வளவுதானே! குளம்புல ஒரு கடி கடிச்சேன்னா ஊர் எல்லை வரைக்கும் ஓடும். ஆனா ஒண்ணு. மாடு மிரண்டா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது. உன்னோட சொத்து எங்கே இருக்குன்னு காட்டிட்டேன்னா, அதை முதல்ல பத்திரமா எடுத்து வச்சுடலாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வெடுக்கி திட்டுக்குப் போய் அலகால் காட்டினாள். "இதோ, இதுதான். நாலு."

செம்பனின் மூக்கு துடித்தது. "ஆகா! என்ன அழகு! ஒவ்வொண்ணா என் வளைக்கு உருட்டிக் கொண்டு போறேன். அங்கே வெயிலும் இல்லை, மாடும் இல்லை." முன்னங்காலால் ஒரு முட்டையை அணைத்தான். அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகி முட்டையின் மேல் சொட்டியது.

அதைப் பார்த்ததும்தான் வெடுக்கிக்கு அவன் எண்ணம் புரிந்தது. "அண்ணே... முட்டையைக் கீழே வைங்க" என்று முணுமுணுத்தாள்.

"காட்டினது நீதானே! இப்போ வைங்கன்னா எப்படி?" என்று செம்பன் பல்லைக் காட்டினான்.

வெடுக்கி பாய்ந்து அவன் முதுகில் கொத்தினாள். அவன் ஒரே உதறலில் அவளைத் தூக்கி எறிந்தான். புழுதியில் புரண்டு எழுந்த வெடுக்கி, தொண்டை கிழியக் கத்தினாள்: "மயிலையக்கா! என் முட்டை! என் முட்டையை எடுக்கிறான்!"

அசைபோட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது.

"முட்டையா?" என்றாள் மயிலை.

அடுத்த நொடி அவள் கொம்பைத் தாழ்த்தி ஒரு சீறு சீறினாள். அந்த மூச்சுக்காற்றிலேயே செம்பனின் மயிர் சிலிர்த்து நின்றது. கொம்பு நுனி மெல்ல அவன் வயிற்றுக்கு அடியில் போனது. ஒரு நெம்பு! செம்பன் ஆகாயத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு முள்வேலிக்குள் போய் விழுந்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மயிலை ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். முட்டைகளை நடுவில் விட்டு, சுற்றி நாலு தூண் மாதிரி நின்றாள். வெடுக்கி உருண்டு கிடந்த முட்டையை அலகால் தள்ளிக் குழியில் சேர்த்தாள். கீறல் எதுவும் இல்லை.

"இத்தனை நேரம் போ போன்னு கத்துனியே, எதுக்குன்னு சொன்னியா தாயி?" என்று மயிலை கேட்டாள். "நானும் ஒரு கன்னுக்குத் தாய்தானே? சொல்லியிருந்தா சுத்திப் போயிருப்பேன்."

வெடுக்கி தலையைக் குனிந்தாள். "சொல்லப் பயமா இருந்துச்சுக்கா. உங்க காலைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவே இல்லை."

அந்த நேரத்தில் நெடுங்காலன் சொட்டச் சொட்ட நனைந்த நெஞ்சோடு திரும்பி வந்தான். முட்டைகளின் மேலே ஒரு பசு நிற்பதைக் கண்டதும் அவனுக்கு உயிரே போய்விட்டது. "கீ கீ கீ! போ! அந்தப் பக்கம் போ!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தான்.

"வாயை மூடுங்க!" என்று வெடுக்கி அதட்டினாள். "அக்கா நமக்கு நிழல் குடுத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு வணக்கம் சொல்லுங்க!"

நெடுங்காலன் ஒன்றும் புரியாமல் வணக்கம் சொன்னான். அவன் விழித்த விழியைப் பார்த்து மயிலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுத்து மணி கலகலவென்று குலுங்கியது.

அன்றிலிருந்து மயிலை தினமும் அங்கேயே மேய்ந்தாள். இரண்டு வாரத்தில் நாலு குஞ்சும் பொரிந்து வெளியே வந்தன. அவள் கால் பட்டுப் புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும்போதெல்லாம் நாலும் குடுகுடுவென்று அவள் பின்னாலேயே ஓடிப் பிடித்துத் தின்றன.

நல்லவரிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லத் தயங்கி, இனிக்கப் பேசுகிறவரிடம் மனதைத் திறந்து காட்டுகிறவர், ஆபத்தைத் தாமே வீட்டுக்கு அழைத்து வருகிறார்.