சோற்றுக்கு முன்னால் காய்

அந்தக் காலத்தில் காய்களுக்கு வாய் இருந்தது. ஏதோ ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை இல்லை, நன்றாகவே வாயாடும். செடியிலிருந்து பறிக்க வேண்டுமென்றால் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். "வர்றியா?" என்று கேட்டால், "சாப்பிடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்கும். "சாப்பிடுவோம்" என்று வாக்குக் கொடுத்தால்தான் காம்பை விடும். முற்றி விதையாக வேண்டியதை விட்டுவிட்டு வருகிறதே, அது கேட்டதில் என்ன தப்பு?

மூக்கையா வீட்டில் வாக்குக் கொடுப்பவள் அவன் மனைவி வெள்ளையம்மா. காப்பாற்றத்தான் ஆள் இல்லை. அப்போதெல்லாம் இலையில் முதலில் சோறு விழும், குழம்பு விழும், கடைசியில்தான் காய் வரும். மூக்கையாவுக்குச் சோற்றைக் கண்டால் கண் தெரியாது. வயிறு முட்டத் தின்றுவிட்டு, காயை வாங்கி ஓரமாக ஒதுக்கி, பெரிய ஏப்பமாக விட்டு இலையை மூடிவிடுவான். அப்பனைப் பார்த்துப் பிள்ளைகள் இரண்டும் மூடும். உள்ளே கிடக்கும் காய் அப்படியே குப்பைக்குழிக்குப் போகும். பந்தியில் பேசக் கூடாது என்பது காய்களின் மரியாதை, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு போகும். வெள்ளையம்மாவும் மறுநாள் கொஞ்சம்கூடக் கூசாமல் தோட்டத்துக்குப் போய் வாக்குக் கொடுப்பாள்.

ஒருநாள் அவள் அண்ணன் சடையாண்டி விருந்துக்கு வந்துவிட்டார். அவரைக்கொடியில் பருவம் முடிந்து, கடைசியாக ஒரு கை காய்தான் இருந்தது.

"இதுங்கதான் எனக்கு மிச்சம் இருக்கிற பிள்ளைங்க, தாயி. விதைக்கு விட்டிருக்கேன்" என்றது கொடி. "நிச்சயமாச் சாப்பிடுவீங்களா?"

"எம் பிள்ளைங்க மேல சத்தியம். ஒண்ணுகூட வீணாகாது, போதுமா?"

கொடி காம்பை விட்டது.

பந்தியில் சடையாண்டி அவரைப் பொரியலை ரசித்துச் சாப்பிட்டார். மூக்கையா வழக்கம்போல ஏப்பம் விட்டு இலையை மூடினான். பிள்ளைகளும் மூடின.

"என்ன மாப்பிள்ளை, காயைச் சாப்பிட்டீங்களா இல்லையா?"

"எல்லாம் உள்ளே போயிருச்சு மச்சான்" என்று மூக்கையா வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"பொய்!" என்றது மூடிய இலை. "நாங்க இங்கதான் கிடக்கோம். பெத்த பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணித்தானே எங்கம்மாகிட்டேருந்து கூட்டிட்டு வந்தீங்க?"

சடையாண்டி தங்கையைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைங்க மேலயா சத்தியம் பண்ணினே?"

வெள்ளையம்மாவுக்கு அடுப்படியில் இருந்த பானைக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு, வெற்றிலைகூடப் போடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

மூக்கையா தலையைத் தூக்காமல் தன் இலையைத் திறந்தான். ஆறிப்போன காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான். பிள்ளைகளும் திறந்து தின்றன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா தோட்டத்துக்கு ஓடினாள். "தின்னுட்டாங்க, எல்லாத்தையும் தின்னுட்டாங்க" என்றாள். கொடி பேசவில்லை. கத்தரிச் செடியிடம் போனாள், அதுவும் பேசவில்லை. வெண்டை, புடலை, பாகல், எதுவுமே வாயைத் திறக்கவில்லை. இலைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டிருந்தது.

மறுநாளும் உலை வைத்தாக வேண்டும். "வர்றியா?" என்று கத்தரிக்காயிடம் கேட்டாள். வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். பதில் வராமலே பறித்தாள். திருடியது போலத்தான் இருந்தது அவளுக்கு.

இலையைப் போட்டதும் அவள் சோற்றுப் பானையைத் தொடவில்லை. முதலில் கத்தரிக்காயை வைத்தாள், அதுவும் மூக்கையாவின் இலையில். "இது உள்ளே போகட்டும். அப்புறம்தான் சோறு" என்றாள். பசியோடு இருந்தவன் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டான். பிள்ளைகள் அப்பனையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டன.

அன்று முதல்தான் இலை போட்டதும் சோற்றுக்கு முன்னால் காயைப் பரிமாறுகிறோம், கேட்காமல் பறித்துவிட்டோமே என்கிற வெட்கத்தில்.