கடல்பேனாவின் பறவைக் குலம்

ஒரு கடலின் அடியில், சேறு படிந்த தரையில், கடல்பேனா ஒன்று வாழ்ந்து வந்தது. பெரிய இறகு ஒன்றை எடுத்துச் சேற்றில் குத்தி வைத்தது போல இருக்கும். செடி என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. அது பவளங்களுக்கு உறவு. உடம்பெல்லாம் குட்டிக் குட்டி வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் எட்டுச் சின்னக் கைகள். ஆபத்து வந்தால் உடம்பிலுள்ள நீரை வெளியே விட்டுச் சுருங்கி, சேற்றுக்குள் போய்விடும்.

ஒரு நாள் கடற்பறவையின் இறகு ஒன்று நீரில் ஊறி, மெல்ல இறங்கி, அதன் அருகில் விழுந்தது. கடல்பேனா அதை மேலும் கீழும் பார்த்தது. அன்றிலிருந்து அது பறவைக் குலம் ஆகிவிட்டது. யாரையும் கேட்கவில்லை, தானே முடிவு செய்துகொண்டது.

பக்கத்துப் பாறையில் இருந்த மென்பவளம் அதற்குத் தங்கை முறை.

"அக்கா, உனக்கும் எட்டுக் கை, எனக்கும் எட்டுக் கை. எந்தப் பறவைக்கு இப்படி இருக்கிறது?" என்று கேட்டது.

"ஒரே இடத்தில் ஒட்டிக் கிடப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை" என்றது சேற்றில் ஊன்றிக் கிடந்த கடல்பேனா. பறப்பதற்குத்தான் அதற்கு நேரம் கிடைக்கவில்லை, பாவம்.

இந்தச் செய்தி ஒரு நட்சத்திரமீனுக்குத் தெரிய வந்தது. கடல்பேனா என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் நடை மிகவும் மந்தம். அது வந்து சேர்வதற்குள் கடல்பேனாக்கள் எல்லாம் சேற்றுக்குள் போய்விடும். அதனால் இந்த முறை பேசிக்கொண்டே வந்தது.

"என்ன களை, என்ன கம்பீரம். பறவைக் குலத்தார் ஒருவர் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தாங்கள்தானா?"

"அக்கா, வருவது யாரென்று பார். சீக்கிரம் உள்ளே போ" என்று மென்பவளம் பதறியது.

கடல்பேனாவும் பயந்து சுருங்கத் தொடங்கியது. நட்சத்திரமீன் மிகவும் வருத்தப்பட்டது.

"பறவைகள் சேற்றில் ஒளியும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை தாங்களும் வெறும் பவள இனம்தானோ?"

அவ்வளவுதான், கடல்பேனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுருங்கிய உடம்பை மறுபடி விரித்து, நிமிர்ந்து நின்றது. தங்கை கெஞ்சியது அதன் காதில் ஏறவே இல்லை.

நட்சத்திரமீன் அவசரப்படாமல் வந்து சேர்ந்தது. வந்ததும் அதன் மேல் ஏறிப் படுத்து, தின்னத் தொடங்கியது.

"ஐயோ, என்னை விட்டுவிடு. நான் பவள இனம்தான்" என்று அழுதது கடல்பேனா.

"தெரியும்" என்றது நட்சத்திரமீன். "பறவை எனக்குச் செரிக்காது."

நீதி: நம் குலப் பெருமையை நம்மைவிட அதிகமாகப் பேசுகிறவர் வந்தால், அவர் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.