சூடாகாத பிராசஸர்

"குருவே, இது சூடாவ மாட்டேங்கு!"

நூர்ஜஹான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். பாளையங்கோட்டையில் அவள் ரிப்பேர் கடைக்கு, கம்ப்யூட்டர் சூடாகிறது என்று ஓடி வந்தவர்கள்தான் உண்டு. சூடாகவில்லை என்று புலம்பிய மகராசன் இவர் ஒருத்தர்தான்.

சூசைமாணிக்கம் ரிட்டயரானபின் அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். மகள் வயதுதான் அவளுக்கு. கேலியாகக் குரு என்றார், அதுவே நிலைத்துவிட்டது.

"ஒழுங்கா மாட்டுனீங்களா அண்ணாச்சி?"

"நீ சொன்ன மாதிரியே. வீட்டுக்காரி லேப்டாப்லேர்ந்து பிராசஸரைக் கழட்டி, அடாப்டர் போட்டு டெஸ்க்டாப் போர்டுல உட்கார வச்சேன். அதுல இருந்த டிஸ்க்கையும் இதுக்கு மாத்திட்டேன். ஸ்பீடையும் ஏத்திட்டேன்."

"அதை எதுக்கு ஏத்துனீங்க?"

"சூடாவட்டும்னுதான்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? வேகத்துக்குத்தான ஓவர்கிளாக் பண்ணுவாங்க!"

அவர் மடியில் வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டர் கேபினெட்டை இறக்கவேயில்லை.

"ரோஸ்லின் லேப்டாப்பை மடியிலதான் வச்சிருப்பா. சூடு தாங்கலைன்னா தூக்கி என் மடியில வச்சிருவா. 'கொஞ்ச நேரம் நீங்க வேவுங்க'ம்பா. அந்தச் சூடு வேணும் குருவே. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் மனைவி ரோஸ்லின் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நூர்ஜஹான் கேபினெட்டை வாங்கி மேஜையில் வைத்து ஆன் செய்தாள்.

"இதுல என்ன வேலை பாக்கீங்க? வேலை குடுத்தாத்தான சூடாவும்?"

"வேலையா? சும்மா போட்டுவிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

"மதினி என்ன வேலை பாப்பாங்க?"

"கல்யாண வீடியோ எடிட்டிங்."

"பாதியில விட்டது இருக்கா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"எதிர்வீட்டு ஜெசிந்தா கல்யாணம். முக்கால்வாசி முடிச்சிட்டா."

"அந்தப் பிள்ளை கேக்கலையா?"

"என்னைக் கண்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிரும். பாவம்."

"நீங்க ஏன் தொறக்கலை?"

"தொறந்தா அவ கடைசி வேலையும் முடிஞ்சிருமே தாயி."

மௌஸை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் வெகுநேரம் கழித்து அதைத் தொட்டார். வீடியோ திறந்தது. பெட்டிக்குள் ஃபேன் இரைய ஆரம்பித்தது.

பெட்டி சூடாகிவிட்டதா என்று இப்போது தொட்டுப் பார்ப்பார் என அவள் நினைத்தாள். அவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"ஜெசிந்தாவுக்குப் போன் போடு தாயி," என்றார். "கடைசியில எந்தப் பாட்டு வேணும்னு கேக்கணும்."