இயக்குநரின் விரதமும் புழு அண்டாத கத்திரிக்காயும்

"உப்பு இல்லை, புளி இல்லை, உன் கைக்குப் பக்குவமே இல்லை! அதனாலதான் ருசி பார்க்க வந்த இருபது விவசாயிகளும் இலையைத் தொடாம உக்காந்திருக்காங்க!"

விதை ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் டாக்டர் ஆராவமுதன் இப்படிக் கத்த, கேன்டீன் சமையல்காரி மரகதம் கரண்டியும் கையுமாக நின்றாள். மரபணுவை மாற்றி அவர் வளர்த்த கத்திரிக்காயைப் புழு அண்டாது, பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். சோதனையெல்லாம் தேறி அனுமதியும் வந்தாயிற்று, சாப்பிடத்தான் ஆளில்லை.

"பன்னிரண்டு மணிக்குள்ள இவங்க சாப்பிடலைன்னா, நாளைக்குக் கேன்டீனுக்கு வேற ஆள்!"

"அதுக்கென்ன சார், முதல் இலையில நீங்க உக்காருங்க, தானா சாப்பிடுவாங்க."

"எனக்கு இன்னிக்கு சஷ்டி விரதம்."

"போன தடவை ஏகாதசி, அதுக்கு முந்தி பிரதோஷம். நான் இந்தக் காயை நறுக்கற நாளாப் பார்த்துத்தான் சாமி உங்களைக் கூப்பிடுது!"

பந்தி கொல்லென்று சிரித்தது.

"விரதம்னா இது வீணாப் போயிடுமே" என்று அவர் வீட்டு டிபன் கேரியரை மரகதம் திறந்தாள். உள்ளே எண்ணெய்க் கத்திரிக்காய். அத்தனையும் நாட்டுக்காய், ஒன்றில் புழு அரித்த தழும்புகூட இருந்தது.

மரகதம் தன் குழம்பில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"மருந்தடிச்சு மயங்கி விழுந்தவர் சார் என் வீட்டுக்காரர். இந்தக் காயை நானே நம்பறேன். நீங்க?"

அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். இருபது பேரும் அவர் கையையே பார்த்தார்கள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம்.

"ஒரே ஒரு வாய், சார்."

ஆராவமுதன் இலையைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்தார். மரகதம் மறுபடி கேட்டாள்.

"ஒரு வாய்?"