அவசர வழியை மறித்த கார்

திருப்பூரில் ரங்கநாதன் குடும்பத்தின் பனியன் கம்பெனிக்கு தொழிலாளர்களை நியாயமாக நடத்துவதற்கான சான்றிதழ் கிடைத்தால்தான் வெளிநாட்டு ஆர்டர் நிலைக்கும். சோதிக்க வந்த ஆடிட்டரோ கோப்புகளை ஒதுக்கித் தள்ளினார்.

“பேப்பர்ல யார் வேணா எழுதலாம். இங்க கடைசித் தொழிலாளிகூட மேல இருக்கறவங்ககிட்ட தப்பைத் தப்புன்னு சொல்ல முடியுமா? இப்பவே நிரூபிங்க.”

‘ஆடிட்டர் முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது’ என்று காலையில் எல்லோரையும் எச்சரித்தவரே முதலாளி ரங்கநாதன்தான்.

பனியன்களில் நூல் பிசிறு வெட்டும் துளசிமணி கத்தரியைக் கீழே வைத்தாள்.

“ஏனுங்க சார், வெளிய நிக்கிற வெள்ளைக் கார் உங்களதுங்களா?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அவசர வழிக் கதவ மறிச்சு நிறுத்திருக்கீங்க. தீப்பிடிச்சா நாங்க நாப்பது பேரும் எப்படிங்க வெளிய போறது? மொதல்ல வண்டிய எடுங்க.”

“அம்மிணி, சும்மா இரு!” என்று பதறினார் ரங்கநாதன்.

“மொதலாளியும் பாத்தாருங்க. பயந்துக்கிட்டுப் பேசாம இருந்துட்டாரு. அதுவும் தப்புத்தானுங்க.”

ஆடிட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கார் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, தன் படிவத்தில் ‘தொழிலாளி தப்பைத் தப்பென்று சொல்ல முடியுமா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதினார்.

“மேல இருக்கற ஒருத்தரைத் தட்டிக் கேட்டாலே போதும்னு இருந்தேன். இந்தம்மா ரெண்டு பேரைத் தட்டிக் கேட்டுட்டாங்க.”