இருநூற்று எழுபது வோல்ட்

"உங்க மென்பொருளை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

மின்வாரியச் செயற்பொறியாளர் மாசிலாமணி ரெஹானாவின் அலுவலக வாசலிலேயே நின்று கத்தினார். வயது ஐம்பத்து மூன்று. போன வருடம் அந்த மென்பொருளுக்காக ரெஹானா நடத்திய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கற்றவர்.

ரெஹானாவுக்கு வயது முப்பது. அவளும் நண்பர்களும் எழுதிய மென்பொருள் அது. கூரைகளில் சோலார் ஏறினால் தெருக் கம்பியில் வோல்டேஜ் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும். யாரும் காசில்லாமல் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

"என்ன ஆச்சு, சார்?"

"நெசவாளர் நகர்ல நாற்பது வீட்டுக்கு அனுமதி கொடுத்தேன். மத்தியானம் 245 வோல்ட் தாண்டாதுன்னு சொல்லுச்சு. நேத்து 270! பதினோரு ஃபிரிட்ஜ் போச்சு. ஒரு அம்மாவோட மூச்சு மெஷின் கருகிடுச்சு."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"பிழைச்சுட்டாங்க. நான் பிழைக்கணுமே! சாயங்காலம் அறிக்கை கொடுக்கணும். ஓசி மென்பொருள்தான் காரணம்னு எழுதப்போறேன். இனிமே இந்த ஊர்ல ஒரு கூரையிலயும் சோலார் ஏறாது!"

அவளுக்கும் சுர்ரென்றது. மடிக்கணினியைத் திறந்தாள்.

அந்த மென்பொருளுக்கு ஒரு பிழைப் பக்கம் உண்டு. என்ன பிழை, யாரால் வந்தது என்று பெயரோடு இருக்கும். உலகமே பார்க்கலாம். பதினான்கு இடத்தில் ரெஹானா என்று இருந்தது.

"போடுங்க! யார் தப்புன்னு எல்லாரும் பார்க்கட்டும்!"

அவர் சொன்னதை அப்படியே தட்டினாள். பெயர்க் கட்டத்தை மட்டும் காலியாக விட்டாள்.

"டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துட்டு வந்து போடுவோம், சார்."

நெசவாளர் நகரில் சப்ளையை நிறுத்திவிட்டு லைன்மேன் சேவுகன் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஏறினார். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் என்ற திருகு அங்கேதான் இருக்கிறது; எண் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். கணக்கில் மாசிலாமணி அதை மூன்று என்று கொடுத்திருந்தார். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பதிவேடு பீரோவில் இருக்கும், சாவி அவரிடம்.

"ஏழுல இருக்கு, சார்."

"ஏழா? எந்த மடையன்யா ஏத்தினது?" தெருவே திரும்பிப் பார்த்தது. "ஏத்தினா பதிவேட்டுல எழுதணும்கிற அறிவு வேணாம்? மூச்சுத் திணறி ஒரு உயிர் போயிருக்கும்! அவனைச் சும்மா விடமாட்டேன்!"

சேவுகன் இறங்கிவந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷம் முந்தி, கடைசி வீடுகளுக்குக் கரண்ட் மங்கலா வருதுன்னு மறியல் பண்ணாங்களே, சார். ஏழுல வை, பதிவேட்டுல நான் எழுதிக்கிறேன்னு போன்ல சொன்னீங்க."

ரெஹானா கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

மாசிலாமணி அந்தக் காலிப் பெயர்க் கட்டத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"'மா'வுக்கு எதைத் தட்டணும், மேடம்?"