கிணற்றடியில் பத்து மணி

பள்ளத்தாக்குக்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. நடுவில் கிடந்த நிலத்தை இரண்டுமே தங்களுடையது என்றன. அடித்துக்கொண்டு ஓய்ந்தபோது, மறுபடி கைகலக்காமல் பார்த்துக்கொள்ள வெளிநாட்டுத் தூதர்கள் வந்து கூடாரம் போட்டார்கள். போட்டு ஆறு வருஷம் ஆயிற்று.

தூதர்களுக்குத் தலைவி அமாரா அம்மையார், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர். அவரிடம் தொழில் பழகியவன் நன்மாறன். வயது நாற்பதைத் தொட்டிருந்தாலும் அவர் முன்னால் மாணவன்தான்.

நடுநிலத்தில் இருந்தது ஒரே ஒரு கிணறு. காலை பத்து மணி வரை தெற்குப் பெண்கள், பத்துக்கு மேல் வடக்குப் பெண்கள் என்று நன்மாறன் ஒப்பந்தம் எழுதினான். தளபதிகள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஆகவே காகிதம்தான் இங்கும் அங்கும் நடந்து கையெழுத்து வாங்கி வந்தது. அம்மையாரும் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாளே கிணற்றடியில் அடிதடி. குடங்கள் நொறுங்கின. தெற்குப் பெண் ஒருத்திக்கு மண்டை உடைந்தது. நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள் என்றது தெற்கு. நேரமாகியும் நகரவில்லை என்றது வடக்கு. மீறியது யார் என்று நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படை இறங்கும் என்று இரண்டு பக்கமும் சொல்லியனுப்பின.

நன்மாறன் இரண்டு பக்கமும் போய் விசாரித்தான். ஒருவரும் பொய் சொல்வதாகப் படவில்லை. திரும்பும்போது வடக்குச் சாவடிச் சுவரில் கடிகாரம் தொங்கியது. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். வடக்கின் கடிகாரம் தெற்கைவிட அரை மணி முந்தி ஓடும். தெரிந்த சங்கதிதான். ஆனால் பத்து மணி என்று எழுதியவன், எந்த நாட்டுப் பத்து மணி என்று எழுதவில்லை.

அம்மையாரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னான். கூட்ட நெரிசலில் நேர்ந்த குழப்பம் என்று அறிக்கை கொடுத்துவிட்டு, நேரத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றான்.

"தவறு நம்முடையது என்று தெரிந்தால் அப்புறம் நம் பேச்சை யார் மதிப்பார்கள், அம்மா?"

அம்மையார் இரண்டு தளபதிகளையும் கிணற்றடிக்கு அழைத்துவர ஆளனுப்பினார்.

மறுநாள் காலை இருவரும் வந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அம்மையார் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"மீறியது இவரும் இல்லை, அவரும் இல்லை. தப்பாக எழுதியது நாங்கள். அடியில் என் கையெழுத்து இருக்கிறது."

தலையில் கட்டோடு நின்ற பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

தெற்குத் தளபதி தொண்டையைக் கனைத்தார்.

"கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களா நமக்குக் காவல்?"

"சூரியனையாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம்," என்றார் வடக்குத் தளபதி.

தெற்குத் தளபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவருக்கும் தொற்றிக்கொண்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? தூதர்களின் கூடாரம், காற்றில் பறந்த அவர்களுடைய தொப்பிகள், அவர்கள் தின்னும் டப்பா மீன் என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க இன்னொருவர் முடித்து வைத்தார். நன்மாறனுக்குக் காது மடல் எரிந்தது. கடைசியில் கிணற்றுச் சுவரின் நிழல் துவைகல்லை விட்டு விலகும்போது முறை மாற வேண்டும் என்று தளபதிகளே பேசி வைத்துக்கொண்டார்கள். காகிதம் கேட்கவில்லை.

கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் நன்மாறனுக்குப் பொறுக்கவில்லை.

"போச்சு, அம்மா. ஆறு வருஷமாகச் சேர்த்த மரியாதை ஒரே காலையில் போச்சு. எப்படிச் சிரித்தார்கள் பார்த்தீர்களா?"

அம்மையார் நின்று, செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தார்.

"இந்த ஆறு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், நன்மாறா?"